இரண்டு விரல் இடைவெளி

முதல் தடவை விழுந்தது ஓடும்போது இல்லை.
கீழ் அல்வானியில், ரொட்டிக்கடை வாசலில்,
சும்மா நின்றுகொண்டிருந்தபோது.
இடது கால் ஊன்றிய இடத்தில் சரளை உருண்டது.
இருநூற்றுச் சொச்சம் கிலோ
ஒரு கணம் யோசித்தது,
பிறகு மெதுவாக, மிக மரியாதையாக,
படுத்துக்கொண்டது.

மீசை இருந்திருந்தால்
மண் ஒட்டவில்லை என்றாவது சொல்லியிருப்பேன்.
ரொட்டிக்காரி கையில் மாவோடு ஓடிவந்து தூக்கினாள்.
சீட்டின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது
அவளுடைய ஐந்து விரல்.

கூட்டத்தில் முழங்கையை விரித்து நடக்கிறவர் போல
இந்தப் பழைய வண்டிக்கு இரண்டு பக்கமும்
சிலிண்டர் துருத்தும்.
எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
அதுதான் முதலில் தரையைத் தொடும்.
மூடியில் ஒரு விரிசல், நகக்கீறல் அளவு.
அதன் வழியே எண்ணெய்
கறுப்பாக, அவசரமே இல்லாமல்,
கடைப்படி வரை போனது.

குளியல் சோப்பைப் பிசைந்து அடைத்தேன்,
யாரோ சொல்லிக் கேட்டது.
பன்னிரண்டு கிலோமீட்டர் தாங்கியது.
கோச்சாவின் பட்டறைக்குப் பதின்மூன்று.

கோச்சா கல்லறைகளுக்குக் கம்பிவேலி அடிக்கிறவன்.
"அது சுலபம்," என்றான்,
"உள்ளே இருப்பவர் இனி விழமாட்டார்."

தடிமனாகப் போடு என்றேன்.
டிராக்டர் மோதினாலும் அசையாத மாதிரி.
அவன் சுண்ணக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டான்.
"அசையாவிட்டால்
அடி எங்கே போகும்?"

நான் ஆட்டு மருத்துவர். குளம்பு அழுகலுக்கு ஊசி போடுகிறவள்.
எலும்பு பற்றித் தெரியும், இரும்பு பற்றி அன்றுதான்.
அடி வாங்கினால் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டுமாம் குழாய்.
வாங்கிய சூட்டோடு போல்ட் வழியாக
எஞ்சின் கூட்டுக்குள் தள்ளிவிட்டால்
மூடி தப்பும், கூடு பிளக்கும்.
மூடி திபிலிசிச் சந்தையில் கிடைக்கும்.
கூடு விற்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதனால் எஞ்சினில் மாட்டவில்லை,
சட்டத்தில் மாட்டினான், மூன்று இடத்தில்.
குழாய், மூடிப்போன மருத்துவமனையின் கட்டிலுடையது.
வெள்ளைப் பெயிண்ட் நெருப்பில் உரிந்தபோது
நான் வெளியே போய் நின்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

கடைசியில் குழாய்க்கும் சிலிண்டருக்கும் நடுவே
இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தான்.
"இது வளைவதற்கான இடம்.
இதில் எதையும் செருகாதே.
மழைக்கோட்டை, மருந்துப்பையை,
எதையும்."

அக்டோபரில், அபானோ கணவாயின் ஏழாவது வளைவில்,
மலையே இறங்கி வருவது போல ஆடுகள்.
சேறு. பிரேக். அப்புறம் வானம்.
வண்டி பாறையில் சறுக்கி இடப்பக்கம் சாய்ந்தது.
என் கால் அந்தக் குழாய் போட்ட முக்கோணத்துக்குள்,
வீட்டுக்கு வந்த விருந்தாளி போல
பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

மேய்ப்பர் ஷேத்தே என் கையைப் பிடிக்க வந்தார்,
நான் சாவியைப் பிடிக்கப் போனேன்.
படுத்தபடியே ஓடிக்கொண்டிருந்தது அது,
எண்ணெய் ஏறாமல், தொண்டை வறண்டு.
அணைத்த பிறகுதான்
ஆடுகளின் மணியோசை கேட்டது.
ஒரு நாய் என் ஹெல்மெட்டை நக்கியது.

மூன்று பேர் சேர்ந்து நிமிர்த்தினோம்.
மூடி முழுசு. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை.
குழாய் உள்வாங்கி வளைந்திருந்தது,
அடிவயிற்றில் குத்து வாங்கியவன் போல.
ஷேத்தே தன் விரலை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை.
என்னுடையது, சுண்டுவிரல்,
முதல் கணு வரை போயிற்று.

இதை நிமிர்த்தித் தா என்றேன் கோச்சாவிடம்.
மாட்டேன் என்றான்.
வளைந்ததை நிமிர்த்தினால் அடுத்த முறை ஒடியும்.
அறுத்துப் போட்டுப் புதிதாக அடித்தான்.
காசு வாங்க மறுத்தான் முதலில்.
பிறகு வாங்கிக்கொண்டான், எண்ணியும் பார்த்தான்.

வளைந்த துண்டு என் ஆட்டுப்பட்டிக் கதவுக்குக் கைப்பிடி.
வலப்பக்கக் குழாயில் இன்னும் ஒரு கீறல்கூட இல்லை.
அந்தப் பக்கம் வளையும்போது மட்டும்
கொஞ்சம் மெதுவாகப் போகிறேன்.